எக்ஸ அமுக்குனது யாரு?

— அப்ப குத்தம் எம் மேலதான்னு முடிவு கட்டிட்டுத்தான் பஸ் ஏறியிருக்க.

— குத்தம்னு ரிப்போர்ட்ல எங்கயுமே போடல சார். ஆக்சுவலா, ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ன்னுதான் இருக்கு.

— கேட்டியா! செருப்பால அடிக்கல, செருப்ப பட்டுத்துணியில சுத்தி அடிச்சிருக்கோம்ங்குற. எங்க, இன்னொருக்கா படி. கண்ணாடிய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்.

— ‘சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பது மணிக்கு, பெல்ட் கண்ட்ரோல் ரூமில் பணியிலிருந்த ஆபரேட்டர் திரு. குழந்தைவேல், கம்ப்யூட்டர் திரையிலுள்ள எக்ஸ் குறியைக் கவனக்குறைவாக அழுத்தி மூடியதால், சுண்ணாம்புக்கல் பெல்ட் ஐந்து மணி நேரம் நின்றது.’ இதுக்குக் கீழ நீங்க கையெழுத்து போடணும். அவ்ளோதான்.

— ‘திரு’ போட்டிருக்கியே! இந்த ஃபேக்டரியில இருபத்திரெண்டு வருசமா இருக்கேன், மெமோவுல கூட வெறும் குழந்தைவேல்தான். மாட்டி விடுறப்பதான் மரியாதையெல்லாம் வருது. உம் பேரு என்னம்மா?

— இலக்கியா. இந்த சாஃப்ட்வேர் செஞ்ச திருச்சி கம்பெனியில இருந்து வரேன்.

— சொந்த ஊரே திருச்சியா?

— இல்ல, பெரம்பலூரு.

— அட, நம்ம பக்கத்துப் புள்ள. ரயிலே வராத ஊருல இருந்து எங்களுக்கு கம்ப்யூட்டரு வந்திருக்கு. அந்த நாற்காலியில ஒக்காராத, கால் ஆடும். இதுல ஒக்காரு. அப்புறம் என்ன சாருன்னு கூப்புடாத. இங்க சாருன்னா ஷிப்டு இஞ்சினியரு ஒருத்தருதான். அவரு கேண்டீன்ல இருக்காரு. எப்பவும் அங்கதான் இருப்பாரு.

— சரிண்ணே. பேனா தரட்டா?

— இரு, இரு. இந்த பெல்ட்டு படத்த வரஞ்சது யாரு?

— எங்க டீம்.

— டீமுன்னா எத்தன பேரு?

— டீம்னா… ஆக்சுவலா நான் ஒருத்திதான்.

— அப்புடிப் போடு! படம் நல்லாத்தான் இருக்கு. மைன்ஸ்ல கல்லு ஏறுது, ரெண்டரை கிலோமீட்டரு பெல்ட்டுல ஊந்து வருது, கல்லு ஒடைக்கிற கிரஷர்ல விழுவுது. எல்லாம் சரி, சுண்ணாம்புக்கல்லுக்கு எதுக்கும்மா பச்சக் கலரு?

— பச்சைன்னா பெல்ட் ஓடுதுன்னு அர்த்தம்ணே. நின்னா சிவப்பாயிடும்.

— நான் வெண்டக்கா ஏத்துறாங்கன்னு நெனச்சேன். அந்தா, கல்லு ஏறுது பாரு, அந்த மூலையில, அது எங்க முந்திரிக்கொல்ல. மூணு ஏக்கரு. நெலத்த எடுத்துக்கிட்டு வூட்டுக்கு ஒரு வேல குடுத்தாங்க. கொல்ல இப்ப எரநூறு அடி பள்ளம். காலையில எட்டு மணிக்கு வந்து ஒக்காந்து, எங்கொல்ல பச்சக் கலர்ல போறத சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— அண்ணே, பேச்ச மாத்துறீங்க. எக்ஸ அமுக்குனீங்களா, இல்லையா?

— அமுக்குனேன்.

— தெரியாமக் கை பட்டுதா?

— நல்லாத் தெரிஞ்சுதான். இந்தா, இந்த வெரலாலதான் அமுக்குனேன். போட்டா எடுத்துக்க.

— ஏன் அமுக்குனீங்க?

— மூடத்தான். எக்ஸுன்னு ஒண்ண நீதான வச்ச?

— நான் வைக்கல. எந்த விண்டோ திறந்தாலும் மேல ஓரத்துல அது தானா வந்துடும்.

— பொறக்கும்போதே சாவ நெத்தியில எழுதிக்கிட்டு வருதுன்னு சொல்லு. அது சரி, மூடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்க வேணாம்? டவுன் பஸ்சு கண்டக்டரு கூட எறங்குறியான்னு கேட்டுட்டுத்தான் விசில் அடிக்கிறான்.

— அத ஏன் கேக்கலைன்னா… பேசிக்கா எப்படின்னா, நீங்க எக்ஸ அமுக்குன உடனே விண்டோ மூடிடாது. ‘என்ன மூடச் சொல்றாங்க, என்ன செய்ய?’ன்னு புரோகிராமுக்கு ஒரு சேதி வரும். அந்த சேதிய வாங்கி, மூடலாமா, வேணாமா, முதல்ல வேற ஏதாச்சும் செய்யணுமான்னு நாமதான் எழுதி வைக்கணும். எழுதலன்னா அது பாட்டுக்கு மூடிக்கிட்டுப் போயிடும்.

— தந்தி வந்துச்சு, வூட்டுல வாங்க ஆளில்ல.

— அப்படித்தான்.

— ஆள் வைக்க வேண்டியது யாரு?

— நான்தான். குடுத்த டைம்ல… விட்டுப்போச்சு.

— மறந்துட்ட.

— கம்பெனியில அத ‘விடுபட்ட அம்சம்’னு சொல்லுவோம்.

— கேட்டியா! நீ மறந்தா விடுபட்ட அம்சம், நான் அமுக்குனா கவனக்குறைவு. தமிழ் எவ்ளோ பெரிய மொழி பாத்தியா, ஆளுக்குத் தக்கன வார்த்த வச்சிருக்கு.

— அண்ணே, எனக்கும் இது புடிச்சு வரலண்ணே. கையெழுத்து வாங்காம வராதன்னு எங்க மேனேஜர் சொல்லித்தான் அனுப்புனாரு. ஃபேக்டரியில எங்க காண்ட்ராக்ட முடிச்சுக்குவோம்னு சொல்றாங்களாம். உங்கள வேலைய விட்டெல்லாம் தூக்க மாட்டாங்க. குடுத்த மெமோவோட போயிடும்.

— மூணு வருசத்துல ரிட்டையர் ஆவப்போறவனுக்கு மெமோ என்னா, மாலை என்னா. அத விடு. படத்த மூடுனா படந்தான மூடணும்? வெளிய கெடக்குற நெசமான பெல்ட்டு எப்புடி நின்னுச்சு? டிவிய அணைச்சா தெருவுல போற பஸ்ஸு நின்னுடுமா?

— இந்த புரோகிராம் நொடிக்கு ஒரு தடவ பெல்ட் மோட்டாருக்கு ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு ஒரு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். சிக்னல் நின்னா, கம்ப்யூட்டருக்கு ஏதோ ஆயிடுச்சு, ஆளில்லாம ஓட வேணாம்னு மோட்டார் தானா நின்னுடும். நீங்க எக்ஸ அமுக்குன உடனே புரோகிராம் செத்துப்போச்சு, பெல்ட்டும் நின்னுடுச்சு.

— அதான எனக்கும் தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுமா அமுக்குனீங்க?

— ம். அப்புறம் சொல்லு, அந்த மடிக்கம்ப்யூட்டர்ல என்ன கொண்டாந்திருக்க?

— புது வெர்ஷன். இப்ப எக்ஸ அமுக்குனா மூடாது. ‘நிச்சயமாக மூடவா?’ன்னு கேக்கும். ஆமான்னு சொன்னாலும் ஷிப்ட் இன்ஜினியர் பாஸ்வேர்ட் போட்டாத்தான் மூடும். அதுவரைக்கும் பெல்ட் பாட்டுக்கு ஓடும். ஏத்துறதுக்குப் பத்து நிமிசம்தான் ஆகும்.

— சரி, ஒரு பேச்சு பேசிக்குவோம். அந்தக் காயிதத்தக் குடு, கையெழுத்து போட்டுடுறேன். கவனக்குறைவுன்னு வேணும்னா ரெண்டு தடவ எழுதிக்க. ஆனா இந்தப் புதுச இதுல ஏத்தாத. எக்ஸு இப்ப எப்புடி இருக்கோ அப்புடியே கெடக்கட்டும்.

— என்னண்ணே இது? எக்ஸ சரி பண்றதுக்குத்தான் நான் வந்ததே. அத வச்சுத்தான உங்களுக்கு மெமோவே குடுத்திருக்காங்க?

— அதான் சொல்றேன்ல, மெமோ எங்கிட்டயே இருக்கட்டும். எக்ஸ நீ வுட்டுடு.

— எதுக்கு? அவசரத்துக்கு நிறுத்தணும்னா திரையிலேயே ‘நிறுத்து’ பட்டன் இருக்குல்ல?

— இருக்கு. வா, நீயே அமுக்கிப் பாரு. கல்லு கொண்டார டம்பர் லாரிக்காரனுவோ சாப்புடப் போயிட்டானுவோ, பெல்ட்டு வெறுமனதான் ஓடுது. அமுக்கு.

— அமுக்கிட்டேன்.

— நின்னுச்சா?

— இல்ல, ‘காரணத்தைத் தேர்வு செய்க’ன்னு கேக்குது. பராமரிப்பு, மின்தடை, கல் அடைப்பு, மற்றவை. இது நான் வச்சதுதாண்ணே. ஆபரேட்டருங்க டீ குடிக்க பெல்ட்ட நிறுத்துறாங்க, அதனால காரணம் கேக்கணும்னு ஃபேக்டரியில சொன்னாங்க.

— ‘மற்றவை’ய அமுக்கு.

— ‘விவரம் எழுதுக. இருபது எழுத்துக்குக் குறையக் கூடாது.’

— இருபது யாரு கணக்கு?

— அதுவும் நான்தான். சும்மா ‘அ ஆ’ன்னு அடிச்சுட்டுப் போயிடுறாங்கன்னு சொன்னாங்க. இருபது வச்சா ஒழுங்கா எழுதுவாங்கன்னு…

— அன்னைக்கு நான் ஒழுங்காத்தான் அடிச்சேன். ‘கை’ன்னு அடிச்சேன். எழுத்து பத்தாதுன்னுச்சு.

— என்ன கை?

— வீராயி கை.

— யாருண்ணே வீராயி?

— காண்ட்ராக்ட்டுல கூலிக்கு இருக்குற பொம்பள. பெல்ட்டுல இருந்து செதறுற கல்லு, மண்ணு இருக்குல்ல, அத மம்புட்டியால வாரிக் கொட்டுற வேல. பெல்ட்ட நிறுத்திட்டுத்தான் வாரணும்னு செவுத்துல பெருசா எழுதிப் போட்டிருக்காங்க. நிறுத்த வுட மாட்டாங்க, அது எழுதாத சட்டம். இந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பாரு, மொத உருளை தெரியுதா? அங்கதான். சீலைக்கு மேல ஆம்பள சட்டை போட்டிருந்துச்சு, அந்தச் சட்டைக் கையி உருளையில சிக்கி, கைய உள்ள இழுக்குது. இங்க கேக்குது அந்தக் கத்து, கண்ணாடியத் தாண்டி.

— அய்யோ. பெல்ட் ஓரமா அவசரக் கயிறு போகுமே? இழுத்தா நிக்கணுமே?

— கூட இருந்த மலர்கொடி இழுத்துச்சு. கயிறுதான் கையோட வந்துச்சு. எட்டு மாசமா அறுந்து கெடக்கு. சோதனைக்கு ஆள் வரப்ப கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு கம்பியால முடிஞ்சு வச்சிருக்காங்க.

— இங்க, இந்த மேசையில செவப்பா ஒரு பட்டன் இருக்கே? எமர்ஜென்சின்னு போட்டிருக்கே?

— அமுக்கு.

— அமுக்கவாண்ணே?

— தயங்காத. குத்தி அமுக்கு.

— பட்டன் சும்மா சுத்துதுண்ணே. ஒண்ணும் ஆகல.

— கீழ குனிஞ்சு பாரு, ஒயரு இருக்கா? உன் கம்ப்யூட்டரு வந்த அன்னைக்கே கழட்டிட்டாங்க. எல்லாந்தான் ஸ்க்ரீன்ல வந்துடுச்சே, இது எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டுன்னு. பட்டன மட்டும் வுட்டுவச்சிருக்காங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு செவப்புக் கலரு புடிக்குமாம்.

— அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?

— ‘நிறுத்து’ன்னு அமுக்குனேன், காரணம் கேட்டுச்சு. ‘கை’ன்னு அடிச்சேன், பத்தலன்னுச்சு. இருபது எழுத்து அடிச்சிருந்தாலும் பாஸ்வேர்டு கேக்கும், பாஸ்வேர்டு வச்சிருக்கவரு கேண்டீன்ல புரோட்டா தின்னுக்கிட்டிருக்காரு. அப்பத்தான் ஓரத்துல இந்த எக்ஸு கண்ணுல பட்டுச்சு. போன மாசம் இன்னொரு ஆபரேட்டரு ராஜராஜன், அவன் ஷிப்டுல பாட்டு கேக்குற விண்டோவ மூடுறேன்னு தெரியாம இத மூடி, பெல்ட்டு நின்னு, ஒரு மணி நேரம் திட்டு வாங்குனான். அந்த ஞாபகம் வந்துச்சு. அமுக்குனேன். ஒரு கேள்வி கேக்கலம்மா அது. நின்னுடுச்சு.

— கை…?

— இருக்கு. முழங்கைக்கு மேல தோலு உரிஞ்சு, நாப்பத்தாறு தையலு. வெரல மடக்க முடியல இன்னும். ஆனா கை இருக்கு. சட்டைய அறுத்து எடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு, அப்புறம் கல்லோட நின்ன பெல்ட்ட ஓட்ட முடியல, கையாலயே வாரி எறக்குனோம். அதான் நீ எழுதியிருக்க அஞ்சு மணி நேரம்.

— இதப் பத்தி ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இல்லண்ணே. எனக்கு சத்தியமா தெரியாது.

— எப்புடி இருக்கும்? ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயி மரத்துல இருந்து வுழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில அந்தம்மாவே சொல்லியிருக்கு. காண்ட்ராக்டரு பக்கத்துலயே நின்னு சொல்ல வச்சான். அப்புடிச் சொன்னா கை ஆறுனதும் வேல, சொல்லலன்னா அதுக்கும் வேல இல்ல, அது மருமவளுக்கும் இல்ல. எங்கால்ல வுழாத கொறை, யாருகிட்டயும் சொல்லிடாதீங்கன்னு. ஒரு கையால கும்புடுது. நான் என்னத்தச் சொல்ல? கவனக்குறைவுன்னு மெமோ வந்துச்சு, வாங்கி பாக்கெட்டுல வச்சிக்கிட்டேன்.

— அப்புறம் எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?

— நீ எக்ஸ அடைக்க வந்துட்டியே, தாயி. மெமோ என்னோட போயிடும். எக்ஸு போச்சுன்னா, நாளைக்கு மலர்கொடி கைக்கு நான் எத அமுக்குவேன்? அந்தம்மாவுக்குக் குடுத்த வாக்க இப்ப உங்கிட்ட மீறிட்டேன். அதுக்கு மேல உன் மனசு.

— நான் மறந்ததாலதான் கை தப்பிச்சிருக்கு.

— ஆமா. நீ கவனமா செஞ்சது பூரா கைய இழுத்துச்சு, மறந்தது ஒண்ணுதான் காப்பாத்துச்சு. சிரிக்காத… அட, அழுவுறியா? இதுக்கெல்லாம் அழுவாத. தண்ணி குடிக்கிறியா?

— வேணாம். அண்ணே, எக்ஸ இப்படியே விடவும் முடியாது. ராஜராஜன் அண்ணன் மாதிரி வேற யாராச்சும் தெரியாம மூடுனா, அப்புறம் வேற யாராச்சும் இத அடைச்சே தீருவாங்க. நான் வேற மாதிரி எழுதுறேன். மூடச் சொல்லி சேதி வருதுல்ல, அத வாங்குற எடத்துல மொதல் வேலையா பெல்ட்ட நிறுத்திடுறேன். நிறுத்திட்டு, அப்புறம் ‘மூடவா?’ன்னு கேக்கட்டும். வேணாம்னு சொன்னா விண்டோ அப்படியே இருக்கும், ஆனா பெல்ட் நின்னது நின்னதுதான். ‘நிறுத்து’ பட்டனும் அதே மாதிரி. மொதல்ல நிக்கணும். காரணமெல்லாம் அப்புறம் பொறுமையா எழுதிக்கலாம்.

— அதுக்கு எத்தினி நாளு ஆவும்?

— இருங்க, ரெண்டு வரிதான். …ம். …இதுக்குக் கீழ. …அந்த இருபதையும் எடுத்துட்டேன்.

— ரெண்டு வரிக்கு வருசம் பூரா காத்திருந்திருக்கோம். சிலப்பதிகாரம் மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன், குறளுதானா.

— ஏறிடுச்சு, பெல்ட்டும் திரும்ப ஓடுது. அண்ணே, எக்ஸ அமுக்குங்க.

— நானா? மறுபடியுமா? இன்னொரு மெமோவுக்கு பாக்கெட்டு இல்லம்மா.

— அமுக்குங்க. நான் எழுதிக் குடுக்குறேன், டெஸ்டிங்னு.

— இந்தா… அடேங்கப்பா! மொத்தக் கல்லும் செவப்பாயிட்டு. நின்னுடுச்சு, வெளியவும் நின்னுடுச்சு பாரு! இப்ப கேக்குது, ‘மூடவா?’ன்னு.

— வேணாம்னு அமுக்குங்க. அவ்ளோதான். இனிமே தெரியாம அமுக்குனாலும் புரோகிராம் சாகாது, உடனே திருப்பி ஓட்டிடலாம். தெரிஞ்சு அமுக்குனா அன்னைக்கு மாதிரியே நிக்கும். இப்ப பெல்ட்ட ஓட்டி விடுங்க. நான் அந்தக் கயித்தையும் இந்த ஒயரில்லாத பட்டனையும் போட்டோ எடுத்துட்டு வந்துடுறேன்.

— போட்டாவா? எதுக்கு?

— ரிப்போர்ட்ல ஒட்ட. ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ங்கற எடத்துல, மூடும்போது என்ன செய்யணும்னு நான் எழுதாம விட்டதுதான் தப்புன்னு போட்டு, என் பேரையே போட்டுடுறேன். உங்க காயிதம் வேணாம், கிழிச்சுட்டேன் பாருங்க. வீராயி பேரு எங்கயும் வராது. நிறுத்துறதுக்கு வச்ச எதுவுமே வேல செய்யலன்னு மட்டும் இருக்கும். போட்டோவ சேத்து, உங்க ஹெட் ஆபீஸ் சேஃப்டி ஆளுங்க வரைக்கும் எல்லாருக்கும் அனுப்பிடுறேன்.

— உன் வேல என்னம்மா ஆவும்?

— தெரியலண்ணே. அவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாங்க, உடனே கயித்த மாத்திடுவாங்க. யாரும் எடுத்துச் சொல்லாததுதான் பிரச்சன.

— ம். படிச்ச புள்ள சொல்ற. போ, போயி எடுத்துட்டு வா. தலையில அந்தத் தொப்பிய மாட்டிக்க. துப்பட்டாவ இடுப்போட சேத்து இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போ.

— …

— வந்துட்டியா? மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு. எடுத்துட்டியா?

— எடுத்துட்டேன். வர்ற வழியிலேயே மெயிலும் அனுப்பிட்டேன். அந்தக் கயித்து முடிச்சத் தொட்டேன், பொடியா உதிருது. …இருங்க, ஃபோன் வருது. எங்க மேனேஜர், திருமுருகன் சார். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்க பேசாதீங்க. …சொல்லுங்க சார்.

— இலக்கியா, அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டியா, இல்லையா?

— இல்ல சார். அது அவரு தப்பு இல்ல, என் தப்பு. ரிப்போர்ட்ட மாத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டேன், உங்களுக்கும் வந்திருக்கும். புரோகிராமையும் மாத்தி ஏத்திட்டேன். இனிமே எக்ஸ அமுக்குனா மொதல்ல பெல்ட் நிக்கும், அப்புறம்தான் கேக்கும்.

— யாரக் கேட்டு மாத்துன? பழையபடி நான் சொன்னத ஏத்திட்டு வா.

— முடியாது சார். இங்க வேற எதுவுமே பெல்ட்ட நிறுத்தாது. சார், உங்களுக்கு விசயம் தெரியாது. அன்னைக்கு ஒரு அம்மாவோட கை உருளையில மாட்டிக்கிச்சு. அவங்களக் காப்பாத்தத்தான் அவரு எக்ஸ அமுக்கியிருக்காரு.

— ஸ்பீக்கர்ல இருக்கியா?

— …இல்ல சார்.

— அந்த வீராயி கைதான? பத்து நாளாத் தெரியும்மா எனக்கு. ஒருத்தி கத்துனதுக்கெல்லாம் இவனுங்க பெல்ட்ட நிறுத்த ஆரம்பிச்சா ஃபேக்டரி ஓடாதுன்னு அவங்க சொல்லித்தான, எக்ஸ அடைக்கவே உன்ன அங்க அனுப்புனேன்.